முதல் ஷூ வாங்கும் பேரனுக்கு



வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட அன்று கறுப்புக் கோட்டோடு நீ எடுத்து அனுப்பிய படத்தை உன் பாட்டி கொண்டுவந்து காட்டினாள். கோட்டும் கழுத்துப் பட்டையும் நன்றாக இருக்கின்றன. காலில் மட்டும் கல்லூரிக்குப் போட்டுப்போன துணி ஷூ. "நல்ல தோல் ஷூ ஒன்று வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது தாத்தா?" என்று கேட்டிருந்தாய்.

குடவாசலிலிருந்து நாச்சியார்கோயில் வழியாகக் கும்பகோணம் கோர்ட்டுக்கு நாற்பது வருஷம் பஸ்ஸில் போய்வந்தவன் நான். அந்தக் காலத்தில் மொத்தம் ஆறு ஜோடி ஷூ போட்டேன். முதல் மூன்றை நானே கெடுத்தேன். அடுத்த மூன்றும் நெடுநாள் என்னோடு உழைத்தன. கெடுத்துக் கற்றதை உனக்கு எழுதுகிறேன். நீயும் கெடுத்துத்தான் கற்கவேண்டும் என்பதில்லை.

1. காலில் போடுவதன் அருமையை முதலில் தெரிந்துகொள். என் தாத்தா பண்ணையாள். மிராசுதார் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார். கீழத்தஞ்சையில் அது எழுதாத சட்டம். சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கால் அடிப்பதும் தண்டனையாக இருந்த காலம். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராக வந்து விவசாயத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய பிறகே அந்தக் கொடுமைகள் ஒவ்வொன்றாக விலகின. தீண்டாமையை ஒழித்த, அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவை நீ தேர்வுக்குப் படித்திருப்பாய். நான் அதை என் தாத்தாவின் வெடித்த குதிகாலில் படித்தேன். 1974-ல் புது ஷூவோடு அதே தெருவில் நான் நடந்தபோது அப்பா பின்னால் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தெருமுனை வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் வீட்டில் ஒரு ஜோடி ஷூவுக்கு இவ்வளவு கதை உண்டு. அதை மறக்காதவனுக்குத்தான் அதைப் பேணவும் தெரியும்.

2. அழகைப் பார்க்குமுன் காலைப் பார். என் முதல் ஷூவை ஒரு காலை நேரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னியதைக் கண்டு மயங்கி வாங்கினேன். மாலைக்குள் கால் வீங்கிச் சுண்டுவிரல் கொப்பளித்துவிட்டது. ஷூவை எப்போதும் மாலையில் வாங்கு. அப்போதுதான் கால் தன் முழு அளவில் இருக்கும். நீ கோர்ட்டுக்குப் போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போ. இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்கு ஏற்றதை வாங்கு. முனையில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் கால் அதை நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த நம் கால் முன்பக்கம் விரிந்திருக்கும். நாடா கட்டும் மடல்கள் இரண்டும் திறந்து விரியும் டெர்பி நமக்குப் பொருந்தும். மடல்கள் மூடித் தைத்த ஆக்ஸ்ஃபோர்டு பலருக்குப் பிடிக்கும், கடிக்கவும் செய்யும். நம் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பல் ஏறுமுன் குடுமியை எடுத்துவிட்டுக் கோட்டும் ஷூவும் போடப் பழகினார். கேம்பிரிட்ஜில் ஷூ கடித்த வேதனை தாளாமல் அவர் செருப்புக்கே திரும்பியதை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அத்தனை பெரிய மனமும் கால் வலிக்கு முன் பணியத்தான் வேண்டியிருந்தது.

3. மூன்று மலிவானதற்குப் பதில் ஒன்று நல்லதாக வாங்கு. ஆனால் கடன் பட்டு வாங்காதே. தோலை விரலால் அழுத்திப் பார். மெல்லிய சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் அது மேல்தோல் சீவாத முழுத் தோல். சுருக்கமே விழாமல் கண்ணாடி போல் மின்னினால், மேற்பரப்பைத் தேய்த்துப் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருப்பார்கள். அது வாங்கிய அன்று அழகு, வெடித்த பின் அதற்கு வைத்தியம் இல்லை. அடிச்சோல் வெறும் பசையில் நிற்கிறதா, விளிம்பைச் சுற்றித் தையல் ஓடுகிறதா என்று திருப்பிப் பார். வெல்ட் என்னும் தோல் பட்டை வைத்துத் தைத்ததென்றால் சோல் தேய்ந்ததும் பிரித்துப் புதுச் சோல் போடலாம், மேல்பாகம் பல வருஷம் நிற்கும். தூரத்துப் பெயருக்காக அலையாதே. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் ஆட்கள் தைத்த ஷூக்கள்தான் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகின்றன. என் இரண்டாவது ஜோடியை மூன்று மாதப் பீஸை முன்பணமாக வாங்கி எடுத்தேன். போட்ட ஒவ்வொரு நாளும் கடன்தான் கடித்தது.

4. அந்தத் தோலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார். அந்தக் காலத்தில் தோலை ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டுப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது, சில நாளில் வேலை முடிந்தது. சென்னை குரோம்பேட்டை என்ற பெயரே அப்படி வந்த ஒரு தோல் ஆலையால்தான். வேலை விரைந்தது, வேலூர்ப் பக்கத்து ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எடுத்துப் படி. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தோல் ஆலைக் கழிவால்தான். ஒரு மாட்டின் தோல், ஓர் ஆற்றின் தண்ணீர், பல தொழிலாளிகளின் கை எல்லாம் சேர்ந்து உன் காலடிக்கு வருகிறது. இரண்டு வருஷத்தில் தூக்கி எறிவதற்கு இது உரியதல்ல. பன்னிரண்டு வருஷம் வைத்திருப்பவன் ஐந்து ஜோடியை மிச்சப்படுத்துகிறான். அதுவும் ஆற்றுக்குச் செய்யும் ஒரு கைங்கரியம்.

5. தோலுக்கு ஓய்வு கொடு. நஞ்சை நிலத்தைக் கூட வருஷம் முழுக்க உழுதுகொண்டிருக்க மாட்டோம். அறுத்தபின் கொஞ்ச நாள் சும்மா கிடக்க விடுவோம். ஒரு நாள் போட்ட ஷூ உன் கால் வியர்வையை உள்ளே குடித்து வைத்திருக்கும். அது ஆற ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே முடிந்தபோது இரண்டாவது ஜோடி வாங்கி, மாற்றி மாற்றிப் போடு. கழற்றியதும் உள்ளே மர அச்சுக்கட்டை வை. கிடைக்காவிட்டால் பழைய நாளிதழைக் கசக்கித் திணி. ஈரத்தையும் இழுக்கும், வடிவத்தையும் காக்கும். ஓய்வில்லாமல் உழைத்த என் மூன்றாவது ஜோடி பதினான்கு மாதத்தில் உள்தோல் அழுகிப்போனது. அந்த நாட்களில் நானும் ஞாயிற்றுக்கிழமை கூட ஓயாமல் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். தோலுக்குச் சொன்னது ஆளுக்கும் பொருந்தும்.

6. நனைந்த ஷூவை அவசரப்படுத்தாதே. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்தேன். மறுநாள் வாதம் இருந்தது. ஷூவை அடுப்படியில் விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் சித்திரை வெயிலில் வெடித்த வயல் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. நனைந்தால் முதலில் சேற்றை ஈரத் துணியால் துடை. நாடாவைக் கழற்று. உள்ளே காகிதத்தைத் திணித்து, நனைந்ததும் மாற்று. காற்றோடும் நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வை. சோலுக்கும் காற்று படட்டும். இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குள்ளோ பிளாஸ்டிக் பையிலோ பூட்டி வைக்காதே, பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பை போதும். பூத்துவிட்டால் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து ஆறவிடு. சீக்கிரம் காய வேண்டும் என்று தீயிடம் போன எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. கோபத்தில் எழுதிய என் நோட்டீஸ்களுக்கும் இதே கதிதான்.

7. கொஞ்சமாகத் தடவு, நிறையத் தேய். நாச்சியார்கோயில் குத்துவிளக்கை உன் பாட்டி புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? முதலில் அழுக்கு போகும், பிறகுதான் மினுக்கு வரும். காவிரியின் வண்டல் மண்ணில் வார்ப்பெடுத்த விளக்கு அது. அதே வண்டல் உன் ஷூவில் ஒட்டினால் தோலின் பசையை உறிஞ்சிவிடும், அதனால் சேறு போகாமல் பாலிஷ் டப்பாவைத் திறக்காதே. குதிரை முடி பிரஷ்ஷால் தூசி தட்டு. பிழிந்த துணியால் துடைத்து உலரவிடு. பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, மிளகளவு பாலிஷ் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தடவு. பத்து நிமிஷம் விட்டு பிரஷ் போடு. முடிவில் பழைய வேட்டித் துண்டால் தேய். மாதம் ஒரு முறை க்ரீம் போடு. அதன் பசை தோலுக்குள் இறங்கும், மெழுகு பாலிஷ் மேலே நின்று நீரைத் தடுக்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம். தோல் தொளதொளத்துத் தூசியை இழுக்கும். நான் இளவயதில் அப்பி அப்பிப் பூசினேன். விரல் மடங்கும் இடத்தில் மெழுகு கட்டி, பொருக்காக உதிர்ந்தது. முகம் பார்க்கும் மினுக்கு வேண்டுமென்றால் முனையிலும் குதியிலும் மட்டும் ஏற்று. நடக்கும்போது அங்கே தோல் மடங்காது.

8. உட்கார்ந்து போடு, உட்கார்ந்து கழற்று. வெள்ளைக்காரன் காலையில் போட்ட ஷூவை இரவில்தான் கழற்றுவான். நாமோ கோயில் வாசல், கட்சிக்காரர் வீட்டுத் திண்ணை, சீனியர் வீட்டுக் கூடம் என்று நாளைக்குப் பத்து தடவை கழற்றுகிறோம். அதனால்தான் நம் ஷூக்கள் பின்பக்கம் முதலில் சாகின்றன. நாடாவை அவிழ்க்காமல் ஒரு காலால் மறு காலை மிதித்துக் கழற்றுவதும், குதியை மடித்து மிதித்துக்கொண்டு நடப்பதும் உன்னிடம் இருக்கவே கூடாது. ஒரு ஷூ ஹார்ன் பையில் வைத்துக்கொள், இல்லாவிட்டால் கரண்டிக் காம்பு போதும். சாக்ஸ் ஓட்டையில்லாமல் இருக்கட்டும். தினமும் துவைத்தது போடு. விரலிடுக்கைத் துடைத்துவிட்டுப் போடு. கழற்றியதை வாசலில் எறியாமல் ஜோடியாகச் சேர்த்து, மற்றவர் செருப்பை மிதிக்காமல் ஓரமாக வை. ஒருவன் வீட்டுக்குள் எப்படிப் பேசுவான் என்பதை அவன் வாசலில் செருப்பு விட்ட விதத்திலேயே என் சீனியர் கண்டுபிடிப்பார்.

9. சின்னச் சாமான்களைச் சின்னதாக எண்ணாதே. கறுப்பு ஷூவுக்குக் கறுப்பு பெல்ட். ஐந்து துளையில் நடுத் துளையில் நிற்கும் அளவு வாங்கு. பேன்ட்டிலேயே விட்டுவிடாமல் கழற்றித் தொங்கவிடு. டை கட்டினால், இரவில் தலைவழியே உருவாமல் முடிச்சை முழுக்க அவிழ்த்து வை. முன்சீப், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் பட்டைக்குப் பதிலாகக் கறுப்பு டை கட்டலாம் என்று பார் கவுன்சில் விதி இடம் தருகிறது. வேட்டிக்கும் அந்த விதியில் இடம் உண்டு. ஆகவே வேட்டியில் வரும் பெரியவரைப் பழங்காலத்து ஆள் என்று நினைத்துவிடாதே. கழுத்துப் பட்டையை அன்றன்று துவைத்துக் கஞ்சி போடு. கைக்குட்டை இரண்டு வை. ஒன்று உனக்கு, மற்றொன்று உன் முன்னால் அழும் மனிதருக்கு. நான் பதிவு செய்தபோது அப்பா ஓர் எச்.எம்.டி. ஜனதா வாங்கித் தந்தார். சாவி கொடுக்கும் கடிகாரம். 1961-ல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகார ஆலை மூடிப் பல வருஷம் ஆகிறது, என் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. தினமும் காலை ஆறு மணிக்குச் சாவி கொடுப்பேன். ஒரு நாள் மறந்தேன். அன்று கோர்ட்டில் என் கேஸைக் கூப்பிட்டபோது நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

10. தைப்பவரிடம் பேரம் பேசாதே. கும்பகோணத்தில் நான் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தைப்பார். ஒரு முறை குதிக்கு லாடம் அடிக்க அவர் கேட்ட கூலியில் நாலணாவைக் குறைத்தேன். அவர் மறுக்கவில்லை. வேலை முடிந்ததும் ஷூவுக்குள் கையை விட்டு, நான் கேட்காமலே உள்ளே துருத்திக்கொண்டிருந்த ஓர் ஆணியைத் தட்டி மடக்கிவிட்டு, "இது உங்க காலைக் குத்தியிருக்குமே தம்பி, ஏன் சொல்லலே?" என்றார். ஒரு வாரமாக அது குத்திக்கொண்டுதான் இருந்தது. என் வலியை நான் சொல்லாமலே கண்டுபிடித்தவரிடம் நாலணா மிச்சம் பிடித்திருந்தேன். அன்று முதல் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதான் ஷூவைக் கொடுத்தேன். நின்றபடி காலை நீட்டியதில்லை. அரைச்சோல் எப்போது போடவேண்டும், தையல் எங்கே விடுகிறது என்பதையெல்லாம் அவர்தான் சொல்லித்தந்தார். நீயும் ஒருவரைத் தேடிக்கொள். கழற்றிக் கையில் கொடு. அண்ணே என்று கூப்பிடு. கேட்டதைக் கொடு.

11. பளபளக்கும் ஷூ உன் பார்வையை மேலே ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு புரட்டாசி மாதம், நடவு நேரம். சம்மனைக் கையில் பிடித்தபடி ஒரு விவசாயி சேற்றுக் காலோடு எங்கள் ஆபீசுக்குள் வந்தார். அன்று காலைதான் நான் ஷூவுக்கு மினுக்கு ஏற்றியிருந்தேன். நாலு பேர் முன்னால், "காலைக் கழுவிட்டு வாங்க" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் சம்மனை மடித்து மடியில் செருகிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். வாய்தா அன்றைக்குத்தான். அவர் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகி, பிறகு அவருக்கு எதிராகவே டிகிரி ஆனது. செய்தி தெரிந்ததும் என் சீனியர் என்னைத் திட்டவில்லை. "நீயே போய்க் கூட்டிவா" என்றார். அந்த விவசாயியின் ஊருக்குப் போனேன். வீட்டில் இல்லை, வயலில் என்றார்கள். வரப்பு வழுக்கியது. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதி வரப்பில்தான் என் தாத்தா நினைவுக்கு வந்தார். அதே வழி, அதே சேறு. அவர் யாருக்குப் பயந்து செருப்பைக் கையில் தூக்கினாரோ, அந்த ஆளாக நான் ஆபீசில் நின்றிருந்தேன். அந்த விவசாயியிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். டிகிரியை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு முப்பது நாள் கெடு. சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 9, விதி 13. கெடுவில் நாலு நாள் மிச்சமிருக்கும்போது போட்டோம். நிலம் தப்பியது. ஜெயித்த கேஸ்களில் பல எனக்கு மறந்துவிட்டன, இது மட்டும் மறக்கவில்லை.

தம்பி, இத்துடன் என் குதிரை முடி பிரஷ்ஷை அனுப்பியிருக்கிறேன். முப்பது வருஷம் உழைத்தது, இன்னும் உழைக்கும். ஞாயிறு மாலை பத்து நிமிஷம் அதோடு உட்கார். திங்கட்கிழமை நீ ஆபீசுக்குள் நுழையும்போது, வாசலில் வெறுங்காலோடு யாராவது கூச்சப்பட்டு நின்றால், உன் சீனியர் வருமுன், குமாஸ்தா வருமுன், நீ முதலில் போய், "உள்ளே வந்து உட்காருங்க ஐயா" என்று சொல்.